மஞ்சளாக மாறாத குடுவை

கச்சேரி ரோட்டில் உள்ள நூர் கிளினிகல் லேபரட்டரிக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஒரு வகை. விஜயலக்ஷ்மி மாமி மட்டும் தனி வகை. எதிர்வீட்டு மாடியில் இருக்கும் மாமி தினமும் பதினோரு மணிக்கு இங்கே பேப்பர் படிக்க வருவாள். அதே பேப்பர் அவள் வீட்டிலும் வருகிறதுதான். ஆனால் தெருவில் யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, எந்த வீட்டு மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பேப்பரில் வருவதில்லையே.

லேபின் சொந்தக்காரி கைசர் ஜஹான் எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். இருபத்தைந்து வருஷமாகப் பிறத்தியார் ரத்தத்தையும் மூத்திரத்தையும் பார்த்துவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறவள். மாடவீதியில் காணாமல்போன ஒரு கல்யாண மோதிரத்தை, சாம்பிள் பாட்டில் மூடியில் இருந்த ஒரு கீறலை வைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்தவளும் அவள்தான். அந்தக் கதையை ஊர் முழுக்கப் பரப்பியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை, அடை மழை. மாமி மிச்சமிருந்த மிக்ஸரைக் கொறித்துக்கொண்டு மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது, கீழ்வீட்டுப் பெண் மாளவிகா நனைந்த குடையோடு உள்ளே வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. கையில் ஒரு போட்டோ கவரும், மூடி போட்ட சின்ன பாட்டில் ஒன்றும். பாட்டிலில் ரோஜாப்பூ நிறத்தில் ஏதோ தண்ணீர்.

"ஆன்ட்டி, நாளைக்கு மூணு மணிக்கு எங்க சார் ரூம்ல விசாரணை. நான் ரிசல்ட்டை இட்டுக்கட்டி எழுதினேன்னு சொல்றா. நிரூபிக்கலேன்னா என் பி.எச்டி ரெஜிஸ்ட்ரேஷனை ரத்து பண்ணிடுவா. நாலு வருஷம் ஆன்ட்டி."

"உக்காந்துண்டு சொல்லேண்டி," என்றாள் மாமி, நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தன் நாற்காலியையும் கூடவே நகர்த்திக்கொண்டு.

மாளவிகா அடையாறில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்கிறாள் என்று தெருவுக்கே தெரியும். என்ன வேலை என்று மாமிக்கே அன்றுதான் தெரிந்தது. ஆடுதின்னாப்பாளை என்று ஒரு கொடி. அந்தக் குடும்பத்துச் செடிகளின் வேரில் ஒரு அமிலம் இருக்கிறது, புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. வெளிநாட்டில் உடம்பைக் குறைக்க, அந்த வேர் கலந்த இளைப்பு மருந்து சாப்பிட்ட பெண்கள் சிலருக்குச் சிறுநீரகமே போய்விட்டதாம். அந்த அமிலத்தை மனிதச் சிறுநீரக செல்களின் மேல் விட்டு, அவை என்ன ஆகின்றன என்று பார்ப்பதுதான் மாளவிகாவின் ஆராய்ச்சி.

இளைப்பு மருந்து என்ற சொல் காதில் விழுந்ததும் மாமியின் கை மிக்ஸர் டப்பாவிலேயே நின்றுவிட்டது. இரண்டு மாதமாகத் தி. நகரில் வாங்கிய ஒரு சூரணத்தைக் காலையில் வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறாள். இதுவரை ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. இது மாமிக்கும் அந்தச் சூரண டப்பாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். மிக்ஸர் டப்பாவை மூடிக் கீழே வைத்தாள்.

மாளவிகா தொடர்ந்தாள். செல்லுக்கு இரண்டு அடுப்பு உண்டு. ஒன்று கேஸ் அடுப்பு மாதிரி. சர்க்கரையைச் சுத்தமாக எரித்து நிறையச் சக்தி கொடுக்கும். இன்னொன்று மண்ணெண்ணெய் ஸ்டவ் மாதிரி. கொஞ்சம்தான் கொடுக்கும், புகை விடும். அந்தப் புகைதான் லாக்டிக் அமிலம். ஆடுதின்னாப்பாளையின் விஷம் கேஸ் அடுப்பை அணைத்துவிடுகிறது என்பது அவள் கட்சி. செல் சாவதில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டு, சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டுப் பிழைத்துக் கிடக்கிறது. புற்றுநோய் செல்லுக்கும் அதே குணம்தான்.

"புகை வரதுன்னு எப்படித் தெரியும்?" என்று மாமி கேட்டாள்.

செல்களுக்கு ஊற்றுகிற சாப்பாட்டுத் தண்ணீரில் ஒரு சாயம் கலந்திருக்கும், அமிலம் சேர்ந்தால் ரோஜா நிறம் போய் மஞ்சளாகிவிடும் என்று மாளவிகா விளக்கினாள்.

"ஆரத்தி மாதிரி. மஞ்சள்ல சுண்ணாம்பைப் போட்டா சிவக்கும், அதுலயே எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா திரும்ப மஞ்சளாயிடும்," என்றாள் மாமி.

கைசர் ஜஹான் மூக்கு நுனிக் கண்ணாடி வழியாக மாமியைப் பார்த்தாள். "கரெக்ட் விஜி," என்றாள். மாமிக்கு அன்றைக்கு அதுவே போதும்.

பிரச்சினை போட்டோவில் இருந்தது. லஸ்ஸில் ஒரு கடையில் பிரிண்ட் போட்ட இரண்டு கலர்ப் படங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு குடுவை: இடப்பக்கம் இரண்டு விஷம் போட்டவை, வலப்பக்கம் இரண்டு ஒன்றுமே போடாதவை. இரண்டு படமும் மூன்றாம் நாள் எடுத்தவை. செப்டம்பர் படத்தில் இடப்பக்கம் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள். வலப்பக்கம் சாயங்கால வெயில் மாதிரி லேசான ஆரஞ்சு. மூன்று தடவை செய்தும் அப்படியே வந்தது. அக்டோபரில் சாரே நேரில் நின்று திரும்பச் செய்யச் சொன்னார். அந்தப் படத்தில் நான்கு குடுவையும் ஒரே ரோஜா. விஷம் போட்ட செல்கள் மொத்தமும் செத்துவிட்டன. சீனியர் ஜெயராம் தன் கையால் செய்தபோதும் அதே கதிதான்.

ஆகவே அந்த சார், டாக்டர் கஸ்தூரிரங்கன், முடிவு கட்டிவிட்டார். அந்த விஷம் கொல்கிறது, அவ்வளவுதான். அடுப்பு மாறுவதும் கிடையாது, புகையும் கிடையாது. செப்டம்பர் குடுவையில் இந்தப் பெண் எதையோ ஊற்றி மஞ்சளாக்கியிருக்கிறாள்.

"அந்த ஜெயராம்தான் ஏதோ பண்ணியிருக்கான்," என்றாள் மாமி உடனே. மாளவிகாவுக்குக் கிடைத்திருந்த ஜெர்மனி மாநாட்டுப் பயணம் அவள் போகாவிட்டால் ஜெயராமுக்குப் போகும் என்பதைக் கீழ்வீட்டு ஜன்னல் வழியாக அவள் ஆகஸ்டிலேயே தெரிந்துவைத்திருந்தாள்.

சாருக்கோ இன்னொருவர் மேலும் சந்தேகம் என்றாள் மாளவிகா. மாளவிகா செய்யவில்லை என்றால் ஹபீபுர் ரஹ்மான்தான் செய்திருக்க வேண்டுமாம். அவர் லேபில் மீடியம், அதாவது அந்தச் சாப்பாட்டுத் தண்ணீர், கலக்குகிறவர். பொடியை நீரில் கரைத்து, சர்க்கரையைத் தனியாக நிறுத்துச் சேர்ப்பவர். ஏற்கெனவே ஒரு தடவை திட்டு வாங்கியிருக்கிறார். க்ளூகோஸ் தீரப்போகிறது, புதிதாக வாங்க வேண்டும் என்று செப்டம்பரில் இண்டெண்ட் எழுதிக் கொடுத்தார். சார் அக்டோபரில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் ஜார் கழுத்துவரை நிரம்பி இருக்கிறது. பொய் இண்டெண்ட் எழுதுகிறாயா என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார்.

கைசர் ஜஹான் அக்டோபர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். குடுவைகளுக்குப் பின்னால் ஷெல்ஃபில் வெள்ளை ஜார்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். கல்யாணப் பெண்களை வரிசையாக உட்காரவைத்த மாதிரி.

"இது என்ன அலங்காரம்?"

ஆயுத பூஜை, என்றாள் மாளவிகா. அன்றைக்கு சார் யாரையும் லேபுக்குள் விடமாட்டார். ஈர வேஷ்டியோடு அவரே எல்லா ஜாரையும் கழுவி, கறைபிடித்த பழைய லேபிளையெல்லாம் ஊறவைத்து உரித்து, வீட்டிலிருந்து டைப் அடித்துக் கொண்டுவந்த புது லேபிளை ஒட்டிப் பொட்டு வைப்பார். அழுக்கு லேபிளோடு எதுவும் சரஸ்வதி முன்னால் நிற்கக் கூடாது. சுண்டல் கொடுக்கும்போதுதான் கதவு திறக்கும்.

"ஏதாவது கெட்டுப்போயிருக்கான்னு மீடியத்தைப் பாத்தீங்களா?"

ஜெயராம் பார்த்தானாம். காலேஜில் செய்வது போல பெனடிக்ட் திரவம் ஊற்றிக் காய்ச்சினான். செங்கல் நிறம் வந்தது. சர்க்கரை சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

கைசர் ஜஹான் படத்தைக் கீழே வைத்தாள். "கடைசியா ஒண்ணு. ரெண்டாவது படத்துல வலது பக்கம் இருக்கே, விஷம் போடாத ரெண்டு குடுவை. அதுல செல்லுங்க உயிரோட இருந்துச்சா?"

"இருந்துது. கொஞ்சம் மெதுவா வளர்ந்தது, அவ்வளவுதான். அதை யாரும் பெரிசா பாக்கலை ஆன்ட்டி, அதுல ஒண்ணும் நடக்கலையே."

"ம். ஒண்ணும் நடக்கலை," என்றாள் கைசர் ஜஹான். அக்டோபர் மீடியம் இருந்த அந்தச் சின்ன பாட்டிலை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

மாளவிகா தெருமுனை திரும்பும்வரைதான் மாமியால் பொறுக்க முடிந்தது. என்ன, என்ன என்று பிடுங்கி எடுத்தாள். கைசர் ஜஹான் பதில் சொல்லாமல் அந்த ரோஜாத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, பெனடிக்ட்டோடு ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். நீலம் பச்சையாகி, பச்சை பழுப்பாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. ஜெயராம் பொய் சொல்லவில்லை. பிறகு சர்க்கரைக்காரர்கள் மூத்திரத்தில் நனைத்துப் பார்க்கும் பட்டைக் காகிதம் ஒன்றை எடுத்து அதே தண்ணீரில் முக்கினாள். ஒரு நிமிஷம் போனது. காகிதம் நிறம் மாறவே இல்லை. இன்னொன்றை முக்கினாள். அதுவும் அப்படியே.

"பழைய காகிதமோ என்னமோ," என்றாள் மாமி.

கைசர் ஜஹான் மூன்றாவது காகிதத்தை, வெறும் க்ளூகோஸ் கரைத்த தண்ணீரில் முக்கினாள். பத்தே நொடியில் பச்சையாகிப் பழுப்பாயிற்று.

"இருபத்தஞ்சு வருஷத்துல ரெண்டே ரெண்டு பச்சைக் குழந்தைங்ககிட்டதான் இப்படிப் பாத்திருக்கேன் விஜி. பெனடிக்ட் சிவக்கும், பட்டை மாறாது. ரெண்டும் தாய்ப்பால் ஒத்துக்காத குழந்தைங்க."

மாமிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போதாததற்கு அன்று சாயங்காலம் கைசர் ஜஹான் அடையாறுக்குப் போன் போட்டு ஹபீபுர் ரஹ்மானிடம் ஏதோ கேட்டாள். சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஸ்கூட்டர் உறுமியது. தன் ஆயுளில் எந்த ஸ்கூட்டரையும் மாமி அப்படிச் சபித்ததில்லை.

மறுநாள் ஆட்டோவில் இருவரும் கிளம்பினார்கள். மாமி கல்யாணத்துக்குக் கட்டும் பட்டு கட்டியிருந்தாள். கைசர் ஜஹான் வழக்கமான வாயில் புடவையில், மடியில் ஒயர் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அடையாறு பாலத்தில் ஆட்டோ நின்று நின்று போனது. மாமியின் மனசு மட்டும் முன்னாலேயே போய் விசாரணை அறையில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டுவிட்டது. மாளவிகா தன் பக்கத்தைச் சொல்ல யாரையாவது அழைத்துவரலாம் என்று டாக்டர் கஸ்தூரிரங்கனே சொல்லியிருந்தார். அவர் எதிர்பார்த்தது ஒரு புரொஃபசரை. வந்தது ஒயர் கூடை.

அவர் நெற்றியில் மெல்லிய கோபி சந்தனக் கோடு, மடிப்புக் கலையாத சட்டை. மேஜையில் பென்சில்கள் உயர வரிசைப்படி. அப்படிப்பட்ட மனிதர். ஜெயராம் ஜன்னலோரம் நின்றான். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான், அது மாமியின் கணக்கில் ஒரு சாட்சியம். ஹபீபுர் ரஹ்மான் கதவருகே, உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டிருந்தார். மாளவிகாவின் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபைல் மேஜை நடுவில் திறந்து கிடந்தது. பேனாவும் மூடி கழற்றித் தயாராக இருந்தது.

"சொல்லுங்கோம்மா. எனக்கு நாலு மணிக்கு இன்னொரு மீட்டிங்," என்றார் அவர்.

கைசர் ஜஹான் இரண்டு போட்டோவையும் அவர் முன்னால் வைத்தாள். "எல்லாரும் இடது பக்கத்தைத்தான் பாத்தீங்க சார். விஷம் போட்டது அங்கேதானே. நான் வலது பக்கத்தைப் பாத்தேன். செப்டம்பர்ல, ஒண்ணுமே போடாத செல்லு மூணு நாள் சாப்பிட்டு, தண்ணி கொஞ்சம் ஆரஞ்சு ஆயிருக்கு. அக்டோபர்ல அதே செல்லு, அதே மூணு நாள். உயிரோட இருக்கு, வளர்ந்திருக்கு. தண்ணி மட்டும் நேத்து ஊத்தின மாதிரி ரோஜாவா இருக்கு. அப்படின்னா அக்டோபர்ல அது என்ன சாப்பிட்டுச்சு?"

ஜெயராம் நகத்தை விட்டுவிட்டான்.

"மீடியத்துல சர்க்கரை இருக்குன்னு தம்பி டெஸ்ட் பண்ணியிருக்கார். உண்மைதான், இருக்கு. பெனடிக்ட்டுக்கு எந்தச் சர்க்கரைன்னு தெரியாது, ஒத்த குணமுள்ள எதைக் கண்டாலும் சிவந்துடும். என் பட்டைக்கு க்ளூகோஸை மட்டும்தான் தெரியும்." கூடையிலிருந்து நேற்றைய காகிதங்களை எடுத்து வரிசையாக வைத்தாள். "அது மாறவே இல்லை. உங்க தண்ணியில சர்க்கரை இருக்கு, க்ளூகோஸ் இல்லை."

பிறகு ஹபீபுர் ரஹ்மானைத் திரும்பிப் பார்த்தாள். "பாய், நேத்து போன்ல சொன்னதை இவங்ககிட்ட சொல்லுங்க."

ஹபீபுர் ரஹ்மான் சாரைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த ஆபா கேட்டாங்க சார், லேப்ல யாரும் தொடாத வெள்ளைப் பொடி இன்னா கீதுன்னு. கேலக்டோஸ் ஜார் ஒண்ணு கீது, ரெண்டு வருஷத்துக்கு முன்னால யாரோ ப்ராஜெக்ட்டுக்கு வாங்கினது, சீல் பிரிச்சதோட சரி. தூக்கிப் பாருன்னாங்க. தூக்கினேன். காலியா கீது சார். அடியில ரெண்டு ஸ்பூன்தான்."

கேலக்டோஸ் பாலில் இருக்கும் சர்க்கரை, அந்த இரண்டு குழந்தைகளுக்கும் ஒத்துக்காதது அதுதான் என்று கைசர் ஜஹான் மாமி காதில் சொன்னாள். இரண்டு ஜார்களும் மேஜைக்கு வந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை, ஒரே உயரம். இரண்டின் நெற்றியிலும் காய்ந்த சந்தனம்.

"தினமும் எடுக்கற க்ளூகோஸ் ஜார், புதுச் சரக்கு வராமலே கழுத்துவரை நிறைஞ்சிருக்கு. யாரும் எடுக்காத கேலக்டோஸ் ஜார் காலி. பாய் எழுதின இண்டெண்ட் பொய் இல்லை சார். ஜார்தான் பொய் சொல்லுது." கைசர் ஜஹான் காலி ஜாரின் அடிப்பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பட்டையை முக்கினாள். எல்லோரும் குனிந்தார்கள். மாமி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். காகிதம் பச்சையாயிற்று, பழுப்பாயிற்று. கேலக்டோஸ் என்று எழுதிய ஜாரில் இருந்தது க்ளூகோஸ்.

"லேபிள் அழகா இருக்கு சார். டைப் அடிச்சது. பொட்டு லேபிள் மேலேயே இருக்கறதால, லேபிள் ஒட்டின கையே பொட்டும் வெச்சிருக்கு. யாரு ஒட்டினது?"

"நான்தான்," என்றார் கஸ்தூரிரங்கன். வருஷா வருஷம் சொல்கிற பெருமையோடுதான் ஆரம்பித்தார். அந்தச் சொல் முடிவதற்குள் முகம் மாறிவிட்டது.

பழைய லேபிள்கள் வாளியில் மிதக்கின்றன. ஒரே மாதிரி இரண்டு வெள்ளை ஜார், துடைத்துப் பக்கத்தில் பக்கத்தில். யாரும் உள்ளே வரக்கூடாத மடி, அதனால் சரிபார்க்கவும் ஆள் இல்லை. அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது கண்ணுக்கு முன்னால் நடந்தது. மாமிக்கு ஜெயராம் மேல் கோபமே வந்தது. இவ்வளவு பொருத்தமாக நகம் கடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறானே.

கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா, ஜார் மாறிடுத்து. என் தப்பு. ஆனா அதனால மாளவிகா சொன்னது நிஜம்னு ஆயிடாதே. அக்டோபர் பரீட்சை செல்லாதுன்னு மட்டும்தானே ஆறது. செல் ஏன் செத்துது?"

"அது எனக்குத் தெரியாது சார். என் வேலை ஜாரோட முடிஞ்சது," என்றாள் கைசர் ஜஹான், கூடையை மூடியபடி. "மாளவிகா, நீ சொல்லு. கேலக்டோஸ்ல ஏன் சாகணும்?"

மாளவிகா அதற்குள் எழுந்து நின்றிருந்தாள். நேற்றைய அழுகை முகத்தில் இல்லை என்பதை மாமி கவனித்தாள்.

"சார், கேலக்டோஸை ஸ்டவ்ல எரிக்க முடியாது. ரொம்ப மெதுவா உள்ளே போகும், ஒண்ணும் மிஞ்சாது. அதை வெச்சுண்டு பிழைக்கணும்னா கேஸ் அடுப்பு எரிஞ்சே ஆகணும். விஷம் போடாத செல்லுக்குக் கேஸ் எரிஞ்சுது. அதான் உயிரோட இருந்தது, புகையும் இல்லை, மஞ்சளும் ஆகலை. விஷம் போட்ட செல்லு..."

"ரவையும் கொண்டைக்கடலையும்," என்று மாமி குறுக்கே விழுந்தாள். "ரவைன்னா ஸ்டவ்லயும் கிண்டிடலாம். கடலையை ஸ்டவ்ல ஏத்தினா எண்ணெய்தான் தீரும், கடலை வேகாது. கேஸும் இல்லேன்னா ஆத்துல எல்லாரும் பட்டினிதான்."

"அதேதான் மாமி. செப்டம்பர்ல க்ளூகோஸ் இருந்தது, ஸ்டவ்ல பிழைச்சுண்டது. அக்டோபர்ல கேலக்டோஸ், வழியே இல்லாம செத்துது. கேஸ் அணைஞ்சிருக்குன்னு இதைவிட நன்னா காட்ட எனக்கே தோணியிருக்காது சார். இந்தப் பரீட்சையை நீங்களே பண்ணிக் கொடுத்துட்டேள். ஜெயராமும் ஒரு தடவை பண்ணிட்டான்."

ஜெயராம் தன் நோட்டைப் பிரித்தான், பக்கங்களைத் தள்ளினான். இரண்டு தடவையும் நான்கு குடுவை, எண்ணிக்கை எல்லாம் இருக்கிறது, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றான். அவன் குரலும் உயர்ந்துவிட்டது. இருவரும் ஒரே நோட்டின் மேல் தலையை முட்டிக்கொண்டு, கேலக்டோஸில் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைக் குறைத்துப் பார்த்தால் என்ன என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மேஜை நடுவில் ஃபைல் கிடப்பது அவர்களுக்கு மறந்தே போயிற்று.

கஸ்தூரிரங்கனுக்கு மறக்கவில்லை. பேனாவை எடுத்தார். ஃபைலில் தான் எழுதியிருந்த மூன்று வரியை நேர்க்கோடாக அடித்து, கீழே ஒரு வரி எழுதினார். மாமி எட்டிப் பார்த்துப் படித்தாள்: பிழை என்னுடையது, ஆராய்ச்சி தொடரலாம். பிறகு டிராயரிலிருந்து ஒரு கசங்கிய தாளை எடுத்தார். செப்டம்பர் மாத க்ளூகோஸ் இண்டெண்ட். அதிலும் கையெழுத்துப் போட்டு, எழுந்து கதவுவரை நடந்துபோய் ஹபீபுர் ரஹ்மானிடம் தானே கொடுத்தார்.

"அன்னிக்கு எல்லார் முன்னாலயும் பேசிட்டேன். இப்போ எல்லார் முன்னாலயும் சொல்றேன். தப்பு. மன்னிச்சுக்கோங்கோ." கொஞ்சம் தயங்கினார். "அடுத்த வருஷம் லேபிள் ஒட்டறச்சே நீங்களும் கூட இருங்கோ."

"இருக்கேன் சார். சுண்டலுக்கு முன்னாலயே வந்துர்றேன்," என்றார் ஹபீபுர் ரஹ்மான்.

வெளியே மழை விட்டிருந்தது. படியில் மாளவிகா ஓடிவந்து கைசர் ஜஹானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மாமி இரண்டு அடி தள்ளி நின்று பட்டுப் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய செய்தி கையில் இருந்தும் தெருவுக்குப் பறக்கிற அவசரம் அவள் முகத்தில் இல்லாததைக் கைசர் ஜஹான் பார்த்தாள்.

"எடு விஜி," என்றாள்.

"எதை?"

"நேத்து இளைப்பு மருந்துன்னு கேட்டதும் மிக்ஸர் டப்பாவை மூடினியே. பட்டுப் புடவைக்கு இவ்வளவு பெரிய கைப்பை எதுக்கு?"

மாமி நாலாபுறமும் பார்த்தாள். வாட்ச்மேன் கூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பையிலிருந்து ஒரு பச்சை டப்பாவை எடுத்து மாளவிகாவிடம் நீட்டினாள். இளைப்பு சூரணம், நூறு கிராம், மூலிகைகள் என்று மட்டும் போட்டிருந்தது. எந்த மூலிகை என்று இல்லை.

"இதுல அது இருக்கான்னு பாத்துச் சொல்லேண்டி. ரெண்டு மாசமாச்சு. மாமாவுக்குத் தெரியாது."

மாளவிகா சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கி, இன்றோடு நிறுத்திவிடச் சொல்லி, திங்கட்கிழமையே பார்த்துவிடுகிறேன் என்றாள். கைசர் ஜஹானோ நாளைக் காலை வெறும் வயிற்றில் லேபுக்கு வா, கிட்னிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம் என்றாள். பேப்பர் படிக்க வந்துபோகிற இருபது வருஷத்தில் முதல் தடவையாக மாமி அந்த லேபுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறாள்.

மாளவிகா பேனாவை எடுத்து டப்பா மேல் சாம்பிள் ஒன்று என்று எழுதினாள். மாமியின் பெயரையும் எழுதப்போனாள்.

"பேரெல்லாம் வேண்டாம்," என்றாள் மாமி அவசரமாக. "கச்சேரி ரோட்டுல ஒரு மாமின்னு போட்டுக்கோ. அங்கே நிறைய மாமி இருக்கா."